பீடத்தின் இடது ஓரம்

சரட்... சரட்... சரட்... மரப்பலகையின் மேல் கத்தி நடந்த சத்தம் அது. அடிப்பிடித்த பானையை அம்மா சுரண்டும்போது கேட்பது மாதிரியும் இருந்தது, அப்படி இல்லாமலும் இருந்தது. பானையைச் சுரண்டினால் கடைசியில் ஒரு வெண்கல ஓசை மிஞ்சும். இதில் எதுவும் மிஞ்சவில்லை, ஈரமான எதையோ வழித்தெடுத்ததுபோல முடிந்துபோனது. சற்குணவதிக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது அறுபத்தொன்பது. மணற்குடி லுத்தரன் கோயிலில் பெண்கள் பக்கம் நான்காவது பெஞ்சில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞானப்பாட்டு முடிந்து போதகர் கிறிஸ்துதாஸ் பாவ அறிக்கையை ஆரம்பித்துவிட்டார். சபை முழுக்க ஒரே முணுமுணுப்பு. அவள் வாயும் அசைகிறது. வாய்க்கு எல்லாம் மனப்பாடம், அதற்கு அவள் தேவையில்லை. நினைவினாலும் வார்த்தையினாலும் செய்கையினாலும் என்று வருகிற இடத்தில் மட்டும் நாக்கு தடுக்கியது. விரலை நீட்டுவது இதில் எது? வார்த்தை இல்லை. செய்கை என்று சொன்னால் பெரிதாக இருக்கிறது, ஒரு விரல்தானே. நினைவு என்றால், அதுதான் இல்லையே, அதுதானே நேற்றுச் சாயங்காலம் மரியநேசத்திடம் சொன்னாள், எனக்கு ஞாபகமில்லை என்று. மரியநேசம் இரண்டு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைப் புடவை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய சின்னக் கொண்டை. திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "நீதானே மிஸ் படம் வரைஞ்ச ரூம்ல போய் வந்துட்டு இருந்தே, சற்குணம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்கப்பாவ கேட்டுத்தான் யூதாஸா வெச்சாங்களா?" அதற்குத்தான் ஞாபகமில்லை என்றாள். காபி போடட்டுமா என்றும் கேட்டாள். எப்படிக் கேட்டோம் என்று இப்போது உடம்பு கூசுகிறது. இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. பீடத்துக்குப் பின்னால் இருக்கிற படத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். அவளைக் கேட்பார்கள். கூடுகிற இடம் நத்தானியேல் உபதேசியார் ஞாபகார்த்த ஹால். நத்தானியேல் உபதேசியார் அவளுடைய அப்பா.

உட்காருங்கள் என்று சைகை வந்தது. உட்கார்ந்தாள். முழங்கால் ஒரு முறை முனகியது. நிமிர்ந்தால் படம்தான் கண்ணில் படும், வேறு எங்கேயும் பார்க்க முடியாதபடி பீடத்துக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு நிற்கிறது. நடுவில் கிறிஸ்து அப்பம் பிட்கிறார். சுற்றி மேஜை, மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் மணற்குடி முகங்கள். பேதுரு, மாதாகோயில் தெரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். யோவான், அப்போது மீசை முளைக்காத தபால்காரர். ஜெர்மனியிலிருந்து வந்த மிஸ் ஹெல்மா வரைந்தது. மிஷன் டாக்டருடைய தங்கை, இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம் என்றாளாம், இலக்கணப் புத்தகத்திலிருந்து எடுத்த தமிழில். அதில் பொய் இல்லை. சற்குணவதி பிற்பாடு திருச்சியில் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தபோது முப்பது வருஷம் அதையே விளக்கியிருக்கிறாள். சீர்திருத்தம் வந்த புதிதில் சில ஊர்களில் கோடாரியோடு கோயிலுக்குள் நுழைந்து சுரூபங்களை உடைத்தார்கள், சுவர்களில் சுண்ணாம்பு அடித்தார்கள். லுத்தர் பக்கத்து ஆட்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. படம் இருக்கட்டும், கும்பிடாமல் இருந்தால் போதும், படிக்கத் தெரியாதவன் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். பீடத்துக்குப் பின்னால் புனிதர்கள் நின்ற இடத்தில் இராப்போஜனத்தை வரைந்தார்கள், அப்போஸ்தலர்களுக்குத் தங்கள் ஊர்க்காரர்களின் முகத்தை வைத்தார்கள். முழங்காலில் நிற்கிறவன் நிமிர்ந்து பார்த்தால் மேஜையில் தன்னைப்போல் ஒருவன் உட்கார்ந்திருப்பான், உனக்கும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லும்போது அவளுக்கே குரல் கொஞ்சம் இளகும். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள், திண்டுக்கல் பக்கம், பேர் மறந்துவிட்டது, நெற்றியில் வியர்வையோடு எப்போதும் தூங்குகிற பெண். "மேம், யூதாஸுக்கு யார் மேம் உட்காருவாங்க?" வகுப்பே சிரித்தது. சற்குணவதி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாக்குக்கட்டி பலகையில் இழுபட்டது. சரட்.

யாரும் உட்காரவில்லை, அதுதான் பதில். மணற்குடியில் பதினொரு பேருக்குப் போட்டி, பன்னிரண்டாவதுக்கு ஆள் இல்லை. ஹெட்மாஸ்டர் மிஸ்ஸிடம், கற்பனையில் ஒரு முகம் போட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லாத முகத்தை வைத்தால் பாவம் யாரோ ஒருவனுடையதாகிவிடும் என்றாளாம். அப்போது அப்பா எழுந்து, நான் உட்காருகிறேன் என்றார். ஏன் சொன்னார்? தாழ்மை என்று ஊர் சொன்னது. அம்மாவுக்கு அது தாழ்மையாகத் தெரியவில்லை. இரண்டு நாள் அடுப்பங்கரையில் பாத்திரங்களோடு சண்டை. "ஞாயித்துக்கிழமை மேல ஏறி நின்னு பிரசங்கம் பண்ணுவீங்க, பின்னாலேயே நீங்க பணப்பையோட உட்கார்ந்திருப்பீங்க. எவன் கேப்பான்?" அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. இல்லை, அது போட்டோவில் இருக்கிற சிரிப்பு. ஹாலில் மாலை போட்டுத் தொங்குகிற போட்டோ. அப்பா என்று நினைத்தால் போட்டோதான் வருகிறது, போட்டோவைத் தள்ளிவிட்டால் படம் வருகிறது, மேஜையில் வலது பக்கம் மூன்றாவதாக, கையில் மீன்வலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அந்திரேயாவாக உட்கார்ந்திருக்கிற முகம். அறுபது வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து அப்பா எப்படி இருந்தார் என்பதே போய்விட்டது. அவர் மூக்கு அவ்வளவு நேராகவா இருந்தது? எதிர் ஓரத்தில், இடது கோடியில், பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு மஞ்சள் துணி போர்த்தி யூதாஸாக உட்கார்ந்திருப்பவர், கோயில் மணி அடித்த மணிக்கார ஆரோன். மரியநேசத்தின் அப்பா.

வேதபாடம் வாசிக்கிறார்கள். எந்த அதிகாரம் என்று கவனிக்கவில்லை. மின்விசிறிக் காற்று பிடரியில் படுகிறது, முந்தானை நழுவுகிறது, பின்னால் யாரோ ரஸ்க் தின்கிற குழந்தையை அதட்டுகிறார்கள். அந்த அறையில் என்ன வாசனை? டர்பன்டைன் என்று பிற்பாடுதான் பேர் தெரிந்தது. மண்ணெண்ணெயும் பைன் மரமும் சேர்ந்தது போல. தூக்கில் காபி கொண்டு போனாள். அம்மா கொடுத்தனுப்பினாள், அது நிச்சயம். என்ன சொல்லி அனுப்பினாள் என்பதில்தான் கால் புதைகிறது. காபியக் குடுத்துட்டு தூக்க வாங்கிட்டு வா, அவ்வளவுதானா. அல்லது, உபதேசியார் யூதாஸா இருந்தா நல்லா இருக்காதுன்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லு, அதுவரைக்குமா. அல்லது, மணிக்காரர வெச்சுக்கச் சொல்லு. கடைசி வாக்கியத்தை அம்மாவின் குரலில் கேட்டுப் பார்க்கிறாள். சில வருஷங்களில் நன்றாகக் கேட்டது. அம்மா செத்த வருஷம் சுத்தமாகக் கேட்கவில்லை. கல்லூரியில் இருந்தபோது, தனக்குச் சௌகரியமாக இருப்பதால்தான் கேட்கிறது என்று தோன்றி நிறுத்திவிட்டாள். இப்போது கேட்டுப் பார்த்தால் அது அம்மாவின் குரலே இல்லை, வயதான ஒரு பெண்ணின் குரல், தன்னுடையது. அப்பா யூதாஸாக வேண்டாம் என்று எதையோ சொல்லியிருக்கிறாள், ஏனென்றால் மிஸ் ஹெல்மா தூரிகையைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் யார் உட்காருவார் என்றாள். சின்னப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? விளையாட்டுக்குக் கேட்டிருப்பாள். ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மணிக்கூண்டு. பதினொரு மணி அடிக்க ஆரோன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு இழுப்புக்கும் குதிகால் தரையைவிட்டு எழும்பியது. இவள் கை நீட்டினாள். இந்த வலது கை, இந்த ஆள்காட்டி விரல். இப்போது முட்டி வீங்கி, பாட்டுப் புத்தகத்தின் மேல் சும்மா கிடக்கிற விரல். மணியைக் காட்டியிருக்கலாம். மணி அடிக்கிறது என்று குழந்தைகள் காட்டுவதில்லையா? ஆனால் மிஸ், அந்திரேயாவையா என்று கேட்டாள். ஆரோன் ஏற்கெனவே அந்திரேயாவுக்கு உட்கார்ந்து முடித்திருந்தார், அந்த முகம் காய்ந்தே போயிருந்தது. அந்திரேயாவையா என்று கேட்டதும் இவள் தலையாட்டினாள். மணியைக் காட்டியிருந்தால் எதற்குத் தலையாட்ட வேண்டும்? மிஸ் தூரிகையைக் கீழே வைத்தாள். பிறகு கத்தியை எடுத்து, யூதாஸின் முகத்தில் ஈரம் காயாமல் இருந்த அப்பாவை வழித்தாள். தூக்கு காலியாகவில்லை, அதனால் போக முடியவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். ஒரு கண் கடைசிவரை இருந்தது. அது இவளைப் பார்த்ததா, மணிக்கூண்டைப் பார்த்ததா?

ஆரோனைக் கேட்டார்களா? யார் கேட்டிருக்க முடியும்? காம்பவுண்டு வீட்டில் குடியிருப்பவர், மணிக்கயிறும் வீடும் மிஷன் கொடுத்தது, கேட்டிருந்தால்தான் என்ன சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அது நிச்சயம், ஏனென்றால் பிரதிஷ்டை அன்று அவர் வந்த விதம் கண்ணில் இருக்கிறது. சலவை வேட்டி, தோளில் புதுத் துண்டு, பெண்டாட்டியும் மரியநேசமும் முன் வரிசையில். அந்திரேயாவைப் பார், அந்திரேயாவைப் பார் என்று பிள்ளையிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம். திரையை இழுத்தார்கள். ஹெட்மாஸ்டர் தன் பேதுருவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். எல்லாரும் தங்கள் தங்கள் ஆளைத் தேடி விரல் நீட்டினார்கள், கோயில் முழுக்க விரல்கள். ஆரோன் தேடிக்கொண்டே இருந்தார். வலது பக்கம் தேடினார், தான் உட்கார்ந்த இடத்தில் உபதேசியார் இருப்பதைப் பார்த்தார். பிறகு மெள்ள மெள்ள இடது பக்கம் வந்தார். அப்பா அப்போது எங்கே பார்த்தார்? தரையைப் பார்த்தார் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் சும்மா இருந்தார்? தெரியாவிட்டால் பிற்பாடு ஏன் சும்மா இருந்தார்? வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா ஆரோன் வீட்டுக்குத் தட்டில் பலகாரம் அனுப்புவாள். மூடின துணி கலையாமல் தட்டு திரும்பி வரும். நான் அந்திரேயாவுக்குத்தான் உட்கார்ந்தேன் என்று ஆரோன் சொல்லிப் பார்த்தார். நம்புவதற்கு ஆளில்லை. அவமானத்தில் கதை கட்டுகிறார் என்றார்கள். யூதாஸ் என்ற பேரோடு பொய்யர் என்ற பேரும் சேர்ந்தது.

காணிக்கைப் பை அவள் பெஞ்சுக்கு வந்து போனது. சமாதானத்தின் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் போதகர். எல்லாரும் திரும்பித் திரும்பிக் கை குவித்தார்கள். பக்கத்து கமலினி சமாதானம் அக்கா என்றாள். மரியநேசம் பின்னால் திரும்பினாள், மூன்றாவது பெஞ்சுக்கு வாழ்த்துச் சொன்னாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். நேற்று அவள் சொன்ன மற்றதெல்லாம் இப்போதுதான் வரிசையாக வருகிறது. படத்தைச் சுத்தம் செய்ய மெட்ராஸிலிருந்து வந்திருக்கிற பெண் ஏதோ விளக்கைப் பிடித்துப் படம் எடுத்தாளாம். யூதாஸுக்கு அடியில் ஒன்றும் விளங்கவில்லை, வழித்த தடம்தான். அந்திரேயாவுக்கு அடியில் ஒரு முழு முகம், ஒரு காது கிழிந்திருக்கிறது. "எங்கப்பாவுக்கு வலது காது கிழிஞ்சிருக்கும், உனக்குத் தெரியும்ல. கடுக்கன் போட்டுக் கிழிஞ்சது. செக்ரட்டரி சொல்றாரு, அந்தக் காலத்துல எத்தனையோ பேருக்குக் காது கிழிஞ்சிருக்கும்னு. பார்த்தவங்க யாராவது சொன்னாத்தான் எழுதுவாங்களாம்." ஸ்கூலில் மரியநேசத்தை முப்பது காசு என்று கூப்பிடுவார்கள். ஏ முப்பது காசு, சில்லறை இருக்கா என்று பையன்கள் கேட்பார்கள். சற்குணவதி கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதில்லை என்று எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதைக் கழுத்துச் சங்கிலி மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. கூப்பிடும்போது சிரித்திருக்கிறாளா? அதுவும் ஞாபகமில்லை. இல்லை, ஞாபகமில்லை என்பது பொய். சிரித்திருக்கிறாள்.

திருவிருந்து ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். பீடத்துக்கு முன்னால் வளைவாக மரக் கிராதி, முழங்காலிட நீளமாக மெத்தை. ஒரு தடவைக்குப் பத்துப் பேர் நிற்கலாம். மணற்குடியில் ஒன்பது பேர்தான் நிற்பார்கள். இடது ஓரத்தில், மஞ்சள் துணிக்காரனுக்கு நேர் கீழே, யாரும் முழங்காலிடுவதில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. புதிதாக வரும் மருமகள்கள்கூட இரண்டு மாதத்தில் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். மெத்தையின் மற்ற இடமெல்லாம் முழங்கால் பட்டு வெளுத்துக் குழிந்திருக்கும், அந்த முழ அகலம் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த சிவப்போடு இருக்கும். மேஜையில் உனக்கும் இடம் இருக்கிறது. முப்பது வருஷம் குரல் இளகச் சொன்னாளே. அப்பாவுக்கு அந்த இடம் தெரியாதா? அவர் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு போதகருக்குப் பின்னால் ஞாயிறுதோறும் அந்தக் காலி இடத்தைக் கடந்துதானே நடந்தார். அங்கே வரும்போது ஒரு நொடி நிற்பார் என்று தோன்றுகிறது. நிற்பாரா, நிற்க வேண்டும் என்று இவளுக்கு ஆசையா? அப்பா இறந்தபோது ஆரோன்தான் துக்க மணி அடித்தார். வயசுக்கு ஒரு அடி. இவள் வீட்டுக்குள் தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணினாள். தப்பாக அடிப்பார், ஒன்றாவது குறைப்பார் என்று காத்திருந்தாள். குறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம், ஏதோ சரியாகிப் போயிருக்கும். அறுபத்தொன்று. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஒவ்வொன்றும் முந்தினது முழுக்க அடங்கின பிறகு.

பெண்களை அழைத்தார்கள். பெஞ்சு கணக்கில்லாமல் எழுந்து நடுவழியில் நின்றார்கள். சற்குணவதியும் எழுந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள், கல் தரை பாதத்துக்குக் குளிர்ந்தது. கமிட்டியில் சொல்லிக்கொள்ளலாம். அங்கே என்ன சொல்வது? அப்பா தாழ்மையாக உட்கார்ந்தார் என்று தொடங்கலாமா? அம்மா அனுப்பினாள் என்றா? ஹாலில் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அம்மாவைச் சொல்வதா? ஞாபகமில்லை என்றே சொல்லிவிட்டால் யார் என்ன செய்ய முடியும், வயசாகிவிட்டது, எல்லாருக்கும் மறக்கிறது. முன்னால் போனவர்கள் கிராதியில் வலது ஓரத்திலிருந்து வரிசையாக முழங்காலிட்டார்கள். ஏழாவது, எட்டாவது. மரியநேசம் எட்டாவது. ஒன்பதாவது இடம் அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. ஊர் வழக்கப்படி சற்குணவதி அதில் நிற்க வேண்டும், வரிசை அதோடு முடிய வேண்டும். நின்றாளானால் தோளோடு தோள் இடிக்கும். கால் அங்கே போகவில்லை. பயத்தில் ஒதுங்கினாளா, வேண்டுமென்றே போனாளா என்று பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. மரியநேசத்துக்கு அப்பால் ஒரு ஆள் இடம் விட்டு, இடது கோடிக்குப் போய், கிராதியைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டாள். மெத்தை கல்லுமாதிரி இருந்தது. உள்ளே பஞ்சு இன்னும் அமுங்கவே இல்லை. பின்னால் பெஞ்சுகளில் சளசளப்பு எழுந்து நின்றது. நிமிர்ந்தாள். கீழேயிருந்து பார்க்கும்போது அவர் யாருக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்க்கிறார். அவ்வளவுதான். மணிக்கூண்டு இருக்கிற பக்கம்.

போதகர் அப்பத்தட்டோடு வலது ஓரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். இன்னும் ஐந்து பேர். சற்குணவதி முந்தானைக்குள்ளிருந்து, பீடத்தைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னாள்: "கேக்கல. உங்கப்பாவ யாரும் கேக்கல, மரியநேசம். அவர் அந்திரேயாவுக்குத்தான் உட்கார்ந்தாரு. யூதாஸா உட்கார்ந்தது எங்கப்பா. மிஸ் யாருன்னு கேட்டுது, நான்தான் கையக் காட்டினேன்."

அம்மா என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். நிஜமாகவே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது?

போதகர் ஆறாவது ஆளிடம் வந்திருந்தார்.

"சத்தமாச் சொல்லு," என்றாள் மரியநேசம்.

கிராதியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சற்குணவதிக்கு நேரமானது. ஒரு முழங்கால் எழுந்தது, மற்றது வரவில்லை. போதகர் தட்டோடு நின்றுவிட்டார், டீச்சர், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். இந்தத் தடவை எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரிந்திருந்தது. சபையைப் பார்த்துத் திரும்பினாள். முப்பது வருஷம் வகுப்பறையில் பேசின குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, மரியநேசத்திடம் சொன்னதையே சொன்னாள். விரலை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

ஆரோன் இருபத்தெட்டு வருஷம் மணியடித்தார். பிரதிஷ்டைக்குப் பிறகு ஒரு நாளும் அவர் கோயிலுக்குள் வந்து திருவிருந்து எடுக்கவில்லை. 1983 பிப்ரவரியில் எழுபத்திரண்டு வயதில் இறந்தார். துக்க மணி அடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு மணி அடிக்கவில்லை.